உரியாவின் மனைவியும் நீலி ஹாக்கின்சும்

திருவருகைக்காலம், டிசம்பர் 17. நற்செய்தி: மத்தேயு 1:1-17



இன்று வாசித்த நற்செய்தியைக் கேட்டு யாரும் கண் கலங்கியதாக நான் பார்த்ததில்லை. எட்சரோன், அம்மினதாபு, நகசோன் என்று வாயில் நுழையாத பெயர்களாக நீளும்போது வாசிக்கிற எனக்கே மூச்சு வாங்குகிறது. கேட்கிற உங்களுக்குக் கொட்டாவி வந்தால் நான் கோபித்துக்கொள்ள முடியாது. கிறிஸ்து பிறப்பு விழாவின் திருவிழிப்புத் திருப்பலிக்கும் இதே வாசகம்தான். ஆனால் அன்றைக்குப் பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டுப் பின்பகுதியை மட்டும் வாசிக்கத் திருச்சபை அனுமதிக்கிறது. அந்தச் சலுகையைக் குருக்கள் நாங்கள் அவ்வளவு எளிதில் விட்டுவிடுவதில்லை! டிசம்பர் 17-க்கு அது கிடையாது. நாமும் தப்பிக்க முடியாது.

எனவே பட்டியலுக்குள்ளேயே போவோம். அபியூது, எலியாக்கிம், அசோர், சாதோக்கு, ஆக்கிம், எலியூது, எலயாசர், மாத்தான். யார் இவர்கள்? செருபாபேலுக்கும் சூசையப்பருக்கும் நடுவே வாழ்ந்துபோன இந்த மனிதர்களைப் பற்றி விவிலியத்தில் வேறெங்கும் ஒரு வரிகூட இல்லை. நாடு போயிற்று, அரியணை போயிற்று, தாவீதின் வம்சம் என்ற பெருமையால் அடுப்பும் எரிந்திருக்காது. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் யாரோ ஒருவர் தலைமுறை தவறாமல் பெயர்களைக் காப்பாற்றி வைத்திருந்தார். அப்படிக் காப்பாற்றியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் கொடுத்ததை வைத்துத்தான் மத்தேயு நற்செய்தியைத் தொடங்குகிறார்.

குடும்பக் கதை எழுதுகிறவர்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள்? தாத்தா மணியக்காரராக இருந்தார் என்று எழுதுவார்கள். அதே தாத்தா தம்பியின் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டதை விட்டுவிடுவார்கள். மத்தேயு அப்படிச் செய்யவில்லை. தாமாரை எழுதுகிறார், யூதாவின் வீட்டு மானத்தைச் சந்திக்கு இழுத்த பெயர் அது. இராகாபை எழுதுகிறார். மோவாபு நாட்டு ரூத்தை எழுதுகிறார். சாலமோனின் தாய்க்கு வரும்போது பத்சேபா என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. உரியாவின் மனைவி என்கிறார். உரியா போர்முனையில் நின்றபோது அவன் மனைவியைத் தாவீது எடுத்துக்கொண்டார். பிறகு அவனையே சண்டை கடுமையாக நடக்கும் இடத்தில் நிறுத்திச் சாகவைத்தார். கொன்றவரின் பரம்பரைப் பட்டியலில் கொல்லப்பட்டவனின் பெயர் ஏறி உட்கார்ந்துவிட்டது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டதையும் மத்தேயு ஒளிக்கவில்லை. பதினான்கு பதினான்காகத் தலைமுறைகளை எண்ணும்போது அந்த அவமானத்தையே ஓர் எல்லைக்கல்லாக நட்டு எண்ணுகிறார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு என்னோடு அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஒரு சிற்றூருக்கு வாருங்கள். லூசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜ் நகரத்துக்கு மேற்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, மேரிங்குவின் என்று ஓர் ஊர். ஆயிரம் பேர் இருந்தால் அதிகம். அந்தப் பக்கத்துப் பிரெஞ்சில் அந்தப் பெயருக்குக் கொசு என்று பொருளாம். ஆற்றுப்படுகையில் இருக்கிற ஊருக்குப் பொய்யில்லாத பெயர்! அங்கே மரியாவின் மாசற்ற இதயத்துக்கு நேர்ந்தளிக்கப்பட்ட ஒரு கோவில் இருக்கிறது. ஊரின் ஒரே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டமும் அந்தக் கோவிலின் பெயரில்தான். 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தத் தோட்டத்தில் தேய்ந்துபோன ஒரு கல் சரிந்து கிடந்தது. எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது: நீலி ஹாக்கின்ஸ், இறந்த நாள் ஏப்ரல் 16, 1902.

நீலி என்பது கூப்பிடும் பெயர். முழுப்பெயர் கார்னீலியஸ் ஹாக்கின்ஸ். அவர் அந்த ஊரில் பிறந்தவர் அல்லர். வடகிழக்கே வெகு தொலைவில், மேரிலாந்தில், இயேசு சபைக் குருக்கள் நடத்திய தோட்டம் ஒன்றில் அடிமையாக வளர்ந்தவர்.

ஆம், குருக்களின் தோட்டம். அங்கே உழைத்தவர்கள் அடிமைகள். திருமுழுக்குப் பெற்ற, செபமாலை சொன்ன, பூசை கண்ட கத்தோலிக்க அடிமைகள். 1789-இல் தொடங்கப்பட்ட ஜார்ஜ்டவுன் கல்லூரி அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் கல்லூரி. அதே சபைக் குருக்கள் நடத்திய அந்தக் கல்லூரி கடனில் மூழ்கியது. 1838-இல் அங்கே இயேசு சபையின் மாநிலத் தலைவராக இருந்த அருட்தந்தை தாமஸ் மலீடி, 272 பேரை லூசியானாவைச் சேர்ந்த இரண்டு பேருக்கு விற்க ஒப்பந்தம் எழுதினார். விலை 1,15,000 டாலர். வாங்கியவர்களில் ஒருவர் அந்த மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். விற்கப்பட்டவர்களில் இரண்டு மாதக் கைக்குழந்தையும் உண்டு.

உரோமையில் இருந்த சபையின் உலகத் தலைவர் யான் ரூத்தான் இதற்கு அனுமதி கொடுத்தார், நிபந்தனைகளோடு. குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது. போகிற இடத்தில் அவர்கள் தங்கள் விசுவாசத்தைக் கடைப்பிடிக்க வழி இருக்க வேண்டும். வருகிற பணத்தைக் கடன் அடைக்கப் பயன்படுத்தக் கூடாது. நடந்தது வேறு. குடும்பங்கள் சிதறின, பக்கத்தில் கோவில் இல்லாத தோட்டங்களுக்கு மக்கள் போய்ச் சேர்ந்தார்கள், பணத்தில் ஒரு பகுதி கல்லூரிக் கடனுக்குப் போனது. எனக்கு மலீடியைவிட ரூத்தான் மேல்தான் அதிகக் கோபம் வருகிறது. மனிதரை விற்பதற்கும் முறையான வழி ஒன்று இருக்கிறது என்று நம்பிய பக்திமான் அவர். இந்த வகைப் பக்தி இன்னும் ஒழிந்துவிடவில்லை.

இந்தப் பெயரை நாம் எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. இதே ரூத்தான் தலைவராக இருந்த காலத்தில்தான், இதே 1837-38 ஆண்டுகளில்தான், பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருக்கள் நம் மண்ணில் வந்திறங்கி மதுரை மறைப்பணியை மறுபடி தொடங்கினார்கள். வெயிலும் காலராவும் அவர்களில் பலரை இளவயதிலேயே கொண்டுபோயின. 1844-இல் நாகப்பட்டினத்தில் அவர்கள் தொடங்கிய கல்லூரிதான் இன்றைக்குத் திருச்சியில் இருக்கும் தூய வளனார் கல்லூரி. நம் கிராமங்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் அங்கே படித்துத் தலை நிமிர்ந்திருக்கிறார்கள்! நம்மை வாழவைத்த அதே சபை, அதே ஆண்டில், கடலுக்கு அப்பால் பிள்ளைகளை விலைக்குக் கொடுத்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கக் கூடாது.

கேத்தரின் ஜாக்சன் என்ற கப்பல் 1838 டிசம்பர் 6 அன்று நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தை அடைந்தது. அதில் 130 பேர். அவர்களில் ஒருவன் ஏறக்குறைய 13 வயதுச் சிறுவனான கார்னீலியஸ். பட்டியலில் இருக்கும் ஆட்களும் கப்பலில் இருக்கும் ஆட்களும் ஒத்துப்போகிறார்களா என்று அதிகாரி பார்த்தார். ஒத்துப்போனார்கள். சரிபார்க்கப்பட்டது, எல்லாம் சரி என்று குறிப்பு எழுதினார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது.

பத்து ஆண்டு கழித்து, 1848-இல், வான் டி வெல்டே என்ற இயேசு சபைக் குரு லூசியானாவுக்குப் போய் அந்த மக்களின் நிலையைப் பார்த்தார். கவனிப்பாரற்றுக் கிடந்த அவர்களுக்கு ஒரு கோவில் கட்டப் பணம் அனுப்புங்கள் என்று கெஞ்சிக் கடிதம் எழுதினார். எழுதியது வேறு யாருக்கும் அல்ல, மலீடிக்கு. பதில் வந்ததாக எந்தச் சான்றும் இல்லை.

இனி கார்னீலியஸ் எப்படிக் கிடைத்தார் என்று கேளுங்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் தங்கள் குடும்ப வரலாற்றைத் தேடிப் போனால் 1870-இல் ஒரு சுவரில் முட்டிக்கொள்வார்கள். விடுதலை பெற்ற மக்கள் எல்லாரையும் பெயரோடு எழுதிய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டில்தான் நடந்தது. அதற்கு முந்தைய 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயருக்கு இடமில்லை. பாட்டியின் பாட்டி எங்கோ ஓர் ஏட்டில் ‘பெண், 30’ என்று நிற்பாள். அவள்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கார்னீலியஸ் 1870 கணக்கெடுப்பில் தெரிகிறார்: கணவர், தந்தை, வயலில் கூலி வேலை, விடுதலை பெற்ற மனிதர். பிறகு மறுபடி மறைந்திருக்க வேண்டியவர். மறையாததற்குக் காரணம், அவர் பங்குக் கோவிலுக்குப் போனார். அடிமையாக இருந்தபோது பக்கத்தில் குரு இல்லாததால் கோவிலுக்கு வெளியேதான் அவருடைய திருமணம் நடந்திருந்தது. 1876 வாக்கில், தலைப்பிள்ளை பிறந்து முப்பது ஆண்டு ஆன பிறகு, அவரும் மனைவியும் ஒரு குருவின் முன்னால் வந்து நின்று தங்கள் திருமண வாக்குறுதியைப் புதுப்பித்துக்கொண்டார்கள். யோசித்துப் பாருங்கள். அவரை விற்றவர்கள் குருக்கள். கடிதத்துக்குப் பதில் போடாதவர் குரு. அப்படியிருந்தும் அந்த மனிதர் கோவில் வாசலை மிதித்தார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திருமுழுக்குப் பெற்றார்கள், கோவிலில் மணந்தார்கள், கோவில் தோட்டத்தில் அடக்கம் ஆனார்கள். ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது.

ஜார்ஜ்டவுனில் படித்த ரிச்சர்ட் செல்லினி என்பவர், விற்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டு 2015-இல் தேடலைத் தொடங்கினார். அவர் அமர்த்திய வம்சாவளி ஆய்வாளர் ஜூடி ரிஃபல், அந்தத் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே வந்தார். அந்தச் சரடு மேக்சின் கிரம்ப் என்ற பெண்மணியிடம் போய் முடிந்தது. தொலைக்காட்சியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்ற அவருக்கு அப்போது 69 வயது. மேரிங்குவின்தான் அவர் சொந்த ஊர். தொலைபேசி அழைப்பு வந்தபோது அவர் அந்த ஊருக்குத்தான் காரில் போய்க்கொண்டிருந்தார். பிறகு ஜூடியும் மேக்சினும் சேர்ந்து அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்த்தான் சரிந்து கிடந்த கல்லைப் பார்த்தார்கள். மேக்சினின் தந்தையும் பாட்டியும் கொள்ளுத்தாத்தாவும் அடக்கம் செய்யப்பட்டிருப்பது அதே தோட்டத்தில். தேடிய மூதாதையும் அங்கேயே படுத்திருந்திருக்கிறார்.

இதைக் கேட்டதும், பார்த்தீர்களா, திருச்சபையின் பதிவேடுதான் அவர்களைக் காப்பாற்றியது என்று பெருமைப்படத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். கப்பல் பட்டியலிலும் பெயர் இருந்தது. ஒப்பந்தத்திலும் பெயர் இருந்தது. பெயர் எழுதுவதாலேயே எதுவும் புனிதமாகிவிடாது. பாபிலோனிலிருந்து திரும்பியபோது தங்கள் வம்சப் பதிவைக் காட்ட முடியாத சில குருக் குடும்பங்களைப் பணியிலிருந்து விலக்கிவைத்ததாக எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. ஏடு ஆளை வெளியே தள்ளவும் உதவும். லூசியானாவிலேயே 1724-இல் பிரெஞ்சு அரசு போட்ட அடிமைச் சட்டம், அடிமைகளுக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்குக் கொடுத்தாக வேண்டும் என்றது. அதனால் பெயர்கள் பதிவாயின. நியூ ஆர்லியன்சில் அடிமைகளுக்கும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கும் தனிப் பதிவேடு. வெள்ளையருக்குத் தனிப் பதிவேடு. தண்ணீர் ஒன்று, ஏடு இரண்டு! அந்த உயர்மறைமாவட்டம் 2011-இல் அந்தப் பழைய ஏடுகளை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து வைத்தது. என்னைக் கேட்டால், ஏட்டைத் திறந்த அன்றுதான் அதை எழுதிய வேலை முடிந்தது.

நம் கதை என்ன? சில பங்குகளின் பழைய ஏடுகளில் ஞானப்பெற்றோரின் பெயருக்குப் பக்கத்தில் சாதிப் பெயரையும் காணலாம். சில கல்லறைத் தோட்டங்களின் நடுவே இன்னும் சுவர் நிற்கிறது. பங்கின் நூற்றாண்டு மலர் போடும்போது கோபுரம் கட்டியவர், தேர் செய்து கொடுத்தவர், ஆயர் வந்துபோன நாள் எல்லாம் படத்தோடு வரும். சுவர் வராது. தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடும் என்பதும் வராது. மத்தேயுவிடம் அந்த மலரைத் தொகுக்கச் சொல்லியிருந்தால் முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பார்.

ஜார்ஜ்டவுனில் 2017 ஏப்ரல் 18 அன்று ஒரு வழிபாடு நடந்தது. விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அமெரிக்க, கனடா இயேசு சபையினரின் தலைவர் அருட்தந்தை டிமதி கெசிக்கி, அவர்கள் முகத்தைப் பார்த்து, நாங்கள் பாவம் செய்தோம் என்று அறிக்கையிட்டார். மலீடியின் பெயர் இருந்த கட்டடத்துக்கு ஐசக் ஹாக்கின்சின் பெயர் வந்தது. விற்பனை ஒப்பந்தத்தின் பட்டியலில் முதலாவதாக இருந்த பெயர் அது. 2021-இல் வழித்தோன்றல்களோடு சேர்ந்து அமைத்த அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்டித் தருவதாக அமெரிக்க இயேசு சபையினர் உறுதியளித்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கணக்குத் தீர்ந்தது என்று எல்லா வழித்தோன்றல்களும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. மன்னிப்புக் கேட்பது நம் கடமை. எப்போது மன்னிப்பது என்பது அவர்கள் உரிமை.

நம் வீட்டு வேலைக்கு வருவோம். விற்கப்பட்டவர்களில் ஃபிராங்க் கேம்ப்பல் என்று ஒருவர். முதிர்ந்த வயதில் அவரை எடுத்த புகைப்படம் லூசியானாவின் நிக்கோல்ஸ் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. விற்கப்பட்டவர்களின் பெயர்கள் வெளியானபோது, அங்கே பணிபுரிந்த காப்பாளருக்கு அந்தப் பெயரை எங்கோ பார்த்த நினைவு. எடுத்துப் பார்த்தார், அவரேதான். படத்தோடு பெயரையும் யாரோ எழுதி வைத்திருந்ததால் வந்த வினை, நல்ல வினை. உங்கள் வீட்டுச் சுவரிலும் பீரோவிலும் இருக்கிற பழைய படங்களில் இருப்பவர்களை உங்கள் அம்மாச்சிக்குத் தெரியும், உங்களுக்குப் பாதி தெரியும், உங்கள் பிள்ளைக்கு ஒருவரையும் தெரியாது. அம்மாச்சி இருக்கும்போதே பின்பக்கம் எழுதிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை படத்தின் மறுபக்கம் ஊறிவிடும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது எந்த ஊர், என்ன வேலை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வேறு ஊருக்குக் கட்டிக்கொடுத்த அத்தையின் பெயர் என்ன? பிறந்த சில நாளில் இறந்த குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள்? வீட்டை விட்டுப் போனவர் ஏன் போனார், யார் அனுப்பினார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எளிதில் வராது. காப்பி ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருங்கள். சண்டை வரும் போலிருந்தால் அன்றைக்கு விட்டுவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள்.

நம் பங்கின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகள் இலத்தீனில் இருக்கின்றன. தாள் பழுத்துவிட்டது, ஓரங்களில் பூச்சி அரித்திருக்கிறது. இந்தத் திருவருகைக்காலத்தில் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் வேலையை இளைஞர் குழு எடுத்துக்கொண்டிருக்கிறது. சாதிப் பெயர் வரும் இடங்களை மறைத்துவிடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம், இருக்கிறபடியே எடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். உயிரோடு இருப்பவர்களின் பதிவுகள் வெளியே போகாது. மற்றவற்றில் தங்கள் குடும்பத்தின் வரியைப் பார்க்க விரும்புகிறவர்கள், எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் சரி, ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அலுவலகத்துக்கு வாருங்கள். இலத்தீனை உபதேசியாரும் நானும் படித்துச் சொல்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கற்களையும் எழுதி எடுக்க வேண்டும். அதற்குப் பேர் கொடுத்தவர்கள் இதுவரை குறைவு. மேலத் தெருவிலிருந்து ஒருவரும் இல்லை. பேர் எழுதும் நோட்டு வெளி மண்டபத்து மேசையில் இருக்கிறது. இப்போது எழுந்து நின்று விசுவாசிகளின் மன்றாட்டுகளைச் சொல்வோம்.